கொன்றையா, மகிழமா

காந்தி நகர், அடையாறு
9 ஜூன் 2024

அன்புள்ள ரங்கா,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று பதறியிருப்பாய். அப்படி ஒன்றும் இல்லை, அப்பா சௌக்கியம். ஒரு ரகசியம் பேச வேண்டும், அதற்கு இந்த வீட்டில் இப்போது தபாலை விட்டால் வேறு வழி கிடையாது. அப்பாவின் போன் வாளித் தண்ணீரில் விழுந்ததிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே போன்தான். அவர் வசதிக்காக, வருவதையெல்லாம் உரக்க வாசிக்கும்படி அதில் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறேன். போன வாரம் என் சிநேகிதி தன் மருமகளைப் பற்றி எழுதியதைக் கூடம் முழுவதும் கேட்கும்படி வாசித்துத் தள்ளியது. அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் மாடிக்குப் போய்ப் பேசினாலும் கீழே இருந்து பதில் சொல்கிறார். கண் குறையக் குறையக் காது அத்தனை கூர்மையாகிவிட்டது.

விஷயம் இதுதான். டிசம்பர் புயலில் வாசல் குல்மோஹர் விழுந்தது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து வாசல் மொட்டையாக இருக்கிறது. வீடு கிழக்குப் பார்த்தது அல்லவா, காலையில் வெயில் கூடம் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்பாவுக்குக் கண்ணழுத்தம். ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி நடுவில் கொஞ்சம்தான் தெரிகிறது, அதுவும் மங்கல். கண் கூசும்படி வெயிலில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஐப்பசியில் அவருக்கு எண்பதாவது பிறந்தநாள் வருகிறது. வாசலில் ஒரு மகிழமரம் வைக்கலாம் என்று எண்ணம். வருடம் முழுக்க அடர்ந்த நிழல். பூ கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, வாசனை வீடு முழுவதும் வருமே. நட்டு முடித்த பிறகுதான் அவருக்குச் சொல்லப்போகிறேன். அதுவரை மூச்சு விடாதே.

உன்னைக் கேட்காமல் செய்தால் கோபித்துக்கொள்வாய். கேட்டால் பதில் எழுத ஒரு மாதம் ஆக்குவாய். பிப்ரவரியில் அவர் கண் ஆபரேஷனுக்கு வராதவன், மர விஷயத்துக்காவது சீக்கிரம் எழுது.

அன்புடன்,
சாரு அக்கா


புனே
17 ஜூன் 2024

அக்கா,

ஒரு மாதம் ஆக்கவில்லை, பார்த்துக்கொள். ஆபரேஷன் சமயத்தில் இங்கே ஆடிட் என்று அப்போதே சொன்னேன். நீ நம்பவில்லை. இப்போதும் நம்பப்போவதில்லை. அதை விட்டுவிடு.

மரம் வைப்பது நல்ல யோசனை. ஆனால் மகிழம் வேண்டாம். அது ஆமை. கன்று வைத்தால் பூக்க எட்டு வருடம், சில இடத்தில் அதற்கும் மேலே. அப்பாவுக்கு எண்பது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். நான் வாயால் சொல்லக் கூடாததைச் சொல்லவைக்காதே.

சரக்கொன்றை வை. நாலைந்து வருடத்தில் பூக்கும். கொஞ்சம் வளர்ந்த கன்றாகக் கிடைத்தால் அதற்கும் முன்னாலேயே. சித்திரையில் மரம் முழுவதும் மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். நான் மஞ்சளைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது வாசற்படியில் நின்ற என்னை அப்பாவுக்குத் தெரியவில்லை. குரல் கேட்ட பிறகுதான் "ரங்கனா?" என்றார். ஆனால் என் பின்னால் நின்ற நீரஜாவைப் பார்த்து, "மஞ்சள் புடவையா கட்டிண்டிருக்கே?" என்று கேட்டார். அவருக்கு மிச்சம் இருக்கிற நிறம் அது ஒன்றுதான், அக்கா. வாசனைக்கு ஊதுவத்தி போதும். பார்க்க ஏதாவது இருக்கட்டும்.

பெற்ற மகனைத் தெரியாமல் புடவையைத் தெரிந்ததில் எனக்கு அன்று வருத்தம்தான். அதை நீரஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

ரங்கன்


காந்தி நகர்
30 ஜூன் 2024

ரங்கா,

புடவை விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். இருந்தாலும் கொன்றையை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொன்றைக்கு உன் புனே ஆபீஸ் வாசலில்தான் அழகு. இங்கே வா, பார். வருடத்தில் ஒரு மாதம் பூ. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போது இலை எல்லாம் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். நிழல் வேண்டிய சமயத்தில் நிழல் இருக்காது. இலையில் பச்சைப் புழு வரும், நூலில் தொங்கி அப்பா தோளில் இறங்கும். அப்புறம் ஒரு முழத்துக்குக் கறுப்புக் காய். அது காலில் உருண்டு அவர் விழுந்தால் யார் பதில் சொல்வது? நான் யோசிக்காமல் சொல்கிறேன் என்று நினைக்காதே. இங்கே இருந்து அவர் கையைப் பிடித்து நடத்துகிறவள் நான்.

மகிழத்துக்கு எந்தப் புயலும் ஒன்றும் செய்யாது. எட்டு வருடக் கணக்கெல்லாம் விதை போட்டு வளர்ப்பவர்களுக்கு. லாரன்ஸிடம் பெரிய பையில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கன்று இருக்கிறது, இப்போதே மொட்டு வைத்திருக்கிறது. லாரன்ஸ் நமக்கு எப்போதும் தோட்ட வேலைக்கு வருகிறவர், சைதாப்பேட்டைக்காரர், விழுந்த குல்மோஹரை அறுத்துப் போட்டவரும் அவர்தான். மயிலாப்பூர் வீட்டில் அம்மா காய்ந்த மகிழம்பூவைப் புடவை மடிப்பில் போட்டு வைப்பாள், நினைவிருக்கிறதா? அம்மா போன பிறகு அந்த பீரோவைத் திறந்துகொண்டு அப்பா நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த மரமானாலும் குழி ஒன்றுதானே என்று லாரன்ஸை விட்டுத் தோண்டிவிட்டேன். பழைய மரம் இருந்த அதே இடம். அப்பா கூடத்திலிருந்து, "ஏண்டி சாரு, வாசல்ல என்ன தோண்டறா?" என்றார். தண்ணீர்க் குழாய் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். குழி மேல் பலகை போட்டு மூடியிருக்கிறது. முடிவைச் சீக்கிரம் எழுது. முடிவு என்றால் மகிழம்.

சாரு


புனே
10 ஜூலை 2024

அக்கா,

உனக்கு முடிவு எடுத்துவிட்டு அபிப்பிராயம் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. என் கல்யாண மண்டபத்தையும் இப்படித்தான் கேட்டாய்.

சரி, குழிக்கு வருகிறேன். பலகையை எடுத்துவிடு. செத்த மரத்தின் வேர் மக்கிக் கிடக்கும் இடம் அது, கட்டாயம் கரையான் இருக்கும். குழியைத் திறந்து போட்டு நன்றாக வெயில் காயவிட வேண்டும். மூடி வைத்தால் பூச்சியும் பூஞ்சையும் அங்கேயே குடியிருக்கும், நீ வைக்கும் மகிழமோ நான் சொல்லும் கொன்றையோ ஒரு மழைக்குத் தாங்காது. இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

இன்னொன்று. நான் வரும்வரைக்கும் எதையும் நட்டுவிடாதே. ஆகஸ்ட் பத்தாம் தேதி சனிக்கிழமை வருகிறேன், டிக்கெட் போடப்போகிறேன். இரண்டு கன்றையும் லாரன்ஸ் கொண்டுவந்து வைக்கட்டும். நேரில் பார்த்து முடிவு செய்வோம். அப்பா கையைக் கன்றில் வைத்து, நான் மண் தள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு வராததைச் சேர்த்து வைத்துச் செய்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாலும் சரி. உண்மை அதுதான்.

ரங்கன்


காந்தி நகர்
26 ஜூலை 2024

அன்புள்ள ரங்கா,

நீ சொன்னபடி பலகையை எடுத்தாயிற்று. குழியைச் சுற்றி நாலு குச்சி நட்டுத் தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கிறேன். அப்பாவிடம், குழாய் வேலை இன்னும் முடியவில்லை, வாசல் பக்கம் வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவர் கேட்டால்தானே. தினமும் காலையில் காபி குடித்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டே போய் வாசல் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். வெயில் முகத்தில் அடிக்கிறது. கண் இருக்கிற லட்சணத்துக்கு அந்தப் பேப்பர் எதற்கு? மடியில் விரித்து வைத்துக்கொண்டு பெரிய மனுஷர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பழக்கதோஷம். நான் பார்த்ததும் உள்ளே அழைத்து வந்து திரையை இழுத்துவிடுகிறேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவார். மறுநாள் எனக்கு முன்னால் அங்கே இருப்பார். இந்தப் பிடிவாதத்துக்குத்தான் நிழல் வேண்டும் என்கிறேன்.

இரண்டு கன்றும் வந்து தொட்டிப் பக்கத்தில் நிற்கின்றன. லாரன்ஸ் போகும்போதும் வரும்போதும், "யக்கா, குழி வாயத் தொறந்துகினு கீது. இன்னா மரம்னு சொன்னா வெச்சுட்டுப் போய்க்கினே இருப்பேன்" என்கிறார். தம்பி பத்தாம் தேதி வருகிறான் என்று சொல்லியிருக்கிறேன்.

கொன்றைக் கன்று பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. இதை நான் ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

சாரு


புனே
5 ஆகஸ்ட் 2024

அக்கா,

திட்டுவதற்கு முன்னால் முழுவதும் படி. பத்தாம் தேதி வர முடியாது. ஃபாக்டரியில் புது உற்பத்தி லைன் ஓடத் தொடங்கும் தேதியை அதே வாரத்துக்கு மாற்றிவிட்டார்கள், நான் இல்லாமல் முடியாது. செப்டம்பர் முதல் வாரம் கட்டாயம் வருகிறேன். இந்த முறை டிக்கெட்டே போட்டுவிட்டேன்.

நட்டுவிடு என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. கொஞ்ச நாள்தானே, குழி இருக்கட்டும். மண் இன்னும் நன்றாக ஆறும். மகிழமே வைப்பதென்றாலும் சரி, நான் இருக்கும்போது வை.

அப்பாவுக்கு நான் வருவதாகச் சொல்லியிருந்தாயா? சொல்லியிருக்காவிட்டால் நல்லது.

ரங்கன்


காந்தி நகர்
17 ஆகஸ்ட் 2024

ரங்கா,

போனில் சொன்னேன், நீயும் கிளம்பிவிட்டாய். இந்தக் கடிதம் புனேயில் நீ இல்லாதபோது வந்து கிடக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரோடு வாசலுக்குப் போயிருக்கிறார். கயிறு அவருக்குத் தெரியவில்லை. தடுப்பதற்கு என்று நான் கட்டிய கயிறுதான் காலை வாரிவிட்டது. குழிக்குள் ஒருக்களித்துக் கிடந்தார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. நான் ஓடிப்போனதும், "குழாய் வேலைன்னியே, இவ்வளவு ஆழமாவா தோண்டுவா?" என்று கேட்டார்.

நாளைக்கு ஆபரேஷன். நீ வந்ததும் பலகை, குழி என்று எதையும் ஆரம்பிக்காதே. நானும் பேச மாட்டேன். அவர் எதிரில் நாம் இருவரும் சிரித்த முகமாக இருப்போம்.

சாரு


புனே
22 செப்டம்பர் 2024

அக்கா,

வந்து சேர்ந்தேன். அப்பா காரியத்தின் பதிமூன்று நாளும் வீட்டில் ஆட்கள், சமையல், வாத்தியார் என்று இருந்ததில் நாம் இருவரும் உட்கார்ந்து பேசவே இல்லை. பேசாமல் இருப்பதற்கு நானும் ஏதோ ஒரு வேலையைத் தேடிக்கொண்டேதான் இருந்தேன். கிளம்பும்போது நீ கையில் கட்டுச்சாதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

இங்கே வந்ததும் உன் ஆகஸ்ட் கடிதம் கதவடியில் கிடந்தது. எல்லாம் முடிந்த பிறகு, எதையும் ஆரம்பிக்காதே என்று எழுதியிருக்கிறாய்.

பலகையை எடுக்கச் சொன்னவன் நான். நட்டுவிடாதே என்றவனும் நான். பத்தாம் தேதி வந்திருந்தால் பதினொன்றாம் தேதி அங்கே குழி கிடையாது, மரம்தான் நின்றிருக்கும். நீ இதைச் சொல்வாய் என்று தினமும் காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கிறது.

மகிழத்தை நட்டுவிடு, அக்கா. நீ சொன்னதுதான் சரி. புயலுக்கு நிற்கும், நூறு வருடம் இருக்கும். எனக்கு அந்த மஞ்சள் வேண்டாம். யார் பார்க்க?

ரங்கன்


காந்தி நகர்
3 அக்டோபர் 2024

அன்புள்ள ரங்கா,

கயிற்றைக் கட்டியவள் நான். குழாய் வேலை என்று பொய் சொன்னவளும் நான். பங்கு போட்டால் உனக்கு அதிகம் மிஞ்சாது. அதனால் நீ மட்டும் எடுத்துக்கொண்டு போகாதே.

மகிழம் வேண்டாம். அத்தனை அடர்த்தி அந்த வாசலுக்கு ஆகாது. வைத்தால் கொன்றையை வைக்கலாம், அதுவாவது இலை உதிர்க்கும். அல்லது எதையும் வைக்க வேண்டாம். கன்றுகள் இரண்டும் பையைக் கிழித்துக்கொண்டு தரையில் வேர் விடப் பார்க்கின்றன. லாரன்ஸ் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறார். முன்பு அவர் நச்சரித்ததே தேவலை.

போன் இப்போதும் வருவதையெல்லாம் உரக்க வாசிக்கிறது. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை.

சாரு


புனே
12 அக்டோபர் 2024

அக்கா,

நீ எதையோ மறைக்கிறாய். கொன்றை இலை உதிர்க்கும் என்பதைத்தானே ஜூனில் குற்றமாக எழுதினாய்? கடிதம் என்னிடம் இருக்கிறது. இப்போது அதையே பெருமையாகச் சொல்கிறாய். என் மேல் பரிதாபப்பட்டு என் மரத்துக்கு ஒப்புக்கொள்கிறாய் என்றால் அது எனக்கு வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் நான் அறைக்குள் நுழைந்தபோது அப்பா உன்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டு, "ரங்கா, சாப்பிட்டயா?" என்றார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். என்ன சொன்னார்? என்னைப் பற்றிக் குறைதான் என்றால் அதையும் எழுது. தெரியாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ரங்கன்


காந்தி நகர்
27 அக்டோபர் 2024

அன்புள்ள ரங்கா,

உன்னைப் பற்றிக் குறை எதுவும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் பேச்சை மீறுகிறோமே என்று இத்தனை நாள் இருந்தேன். நீ என்னென்னவோ நினைத்துக்கொண்டு அங்கே தனியாகக் கஷ்டப்படுவதைவிட மீறுவதே மேல்.

அன்று காலையில், வாசலில் எதற்குக் குழி என்று மறுபடியும் கேட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. உங்கள் பிறந்தநாளுக்கு மரம் வைக்கத்தான் அப்பா, ரங்கன் கொன்றை என்கிறான், நான் மகிழம் என்கிறேன், இரண்டு மாதமாகக் கடிதத்தில் சண்டை, தான் வந்துதான் நட வேண்டும் என்று அவன் எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். சிரித்தார். வலியோடு அப்படிச் சிரித்தார். "ரெண்டும் நல்ல மரம்தான். மின்வாரியத்துல இருந்தவரைக்கும் கம்பில ஒரசறதுன்னு வெட்டித்தான் பழக்கம். எனக்குன்னு ஒருத்தர் மரம் வெக்கறது இதான் முதல் தடவை" என்றார்.

பிறகு இதைச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அந்தக் குல்மோஹர் விழுந்தப்புறம்தான் சாரு, எனக்குப் பேப்பர்ல தலைப்பு தெரிய ஆரம்பிச்சுது. காலம்பற கெழக்கேர்ந்து வெளிச்சம் நேரா மடியில விழும். அந்த ஒரு எடத்துலதான் எழுத்து தெரியும். தள்ளி உக்காந்தா தெரியாது. உன்னண்ட சொன்னா கண்ணுக்கு ஆகாதும்பே, உள்ள இழுத்துண்டு போயிடுவே. அதான் சொல்லலை."

அவரே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "ரங்கன்ட்ட இதைச் சொல்லாதே. அவன் ஆசையா வந்து வெக்கணும்னு இருக்கான். வெக்கட்டும். கொஞ்சம் ஓரமா வெக்கச் சொல்லு, போறும்" என்றார். அப்போதுதான் நீ உள்ளே வந்தாய்.

வாசனையா நிறமா என்று நாம் அடித்துக்கொண்டோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆச்சரியம் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தவள் நான். அவர் தினமும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பழக்கதோஷம் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு, ரங்கா. கூசும் வெயில் வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார். வெளிச்சமே வேண்டாம் என்று நான்தான் எடுத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்குத் திருடன் மாதிரி போக வேண்டியிருந்தது. நான் பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். இது எனக்கு ஆறாது.

நேற்று லாரன்ஸை வரச் சொல்லிக் குழியை மூடிவிட்டேன். "இன்னாக்கா, ரெண்டுமே வேணாவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கன்றுகளை அவரே எடுத்துக்கொண்டு போனார். கொன்றை அவர் வீட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறதாம். மகிழத்துக்கு இடம் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த முறை நீ வந்தால் கொன்றையை அங்கே போய்ப் பார்க்கலாம். நானும் வருகிறேன்.

இன்று அவருடைய பிறந்தநாள். காலையில் அவர் நாற்காலியை எடுத்துப்போய், குழி இருந்த இடத்தில் போட்டேன். மண் இன்னும் அமுங்கவில்லை, ஒரு கால் கொஞ்சம் இறங்கியது. பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு அவர் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தேன். என் கண்ணாடி உள்ளே மேஜை மேல் இருந்தது. எழுந்து எடுத்து வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை, ரங்கா. தலைப்பு மட்டும் இல்லை, அடியில் இருக்கிற பொடி எழுத்துகூடத் தெரிந்தது.

சாரு அக்கா